கருவேலந்துறையில் பிறக்காத முன்கள வீரர்

தலைவர் பாலேந்திரா அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து தந்த பங்குத்தந்தை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, மோர்டனிலிருந்தும் சட்டனிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களே, ரயில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பஸ் மாறி வால்தம்ஸ்டோவிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, எங்கள் பெண்கள் அணியின் பிள்ளைகளே, எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் இருக்கும் பெனிற்றா தங்கச்சி, மகள் டயனா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் கிருஷ்ணராசா. எங்கள் ஊரான கருவேலந்துறையின் வெள்ளித்தாரகை விளையாட்டுக் கழகத்தின் இலண்டன் கிளைக்குப் பதின்மூன்று வருடமாகச் செயலாளர். வீடுகளுக்குத் தரை போடுவது என் தொழில். பேச்சுத் தொழில் எனக்குத் தெரியாது. மேடைக்கு ஏறும்போது தலைவர் என் காதுக்குள், "கிருஷ்ணா, ஏழு நிமிசம்தான். கோபப்படாமல் கதை" என்றார். ஏழு நிமிடத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். மற்றதற்கு நான் உறுதி தரமாட்டேன்.

ஆறு வாரத்துக்கு முன் எங்கள் பயிற்றுநர் நொபுஹிரோ இசெசாக்கி காலமானார். ஜப்பான் நாட்டின் ஓய்வு பெற்ற உதைபந்தாட்ட முன்கள வீரர். வயது நாற்பத்தொன்பது. கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து ஒன்பது வாரம்தான் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நோபு என்று கூப்பிட்டோம். முழுப் பெயரைச் சொல்ல எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பன்னிரண்டு வருடம் எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிய மனிதரின் பெயர் அது. இன்றைக்காவது ஒருமுறை முழுதாகச் சொல்வோம். நொபுஹிரோ இசெசாக்கி.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் புகழ்வார்கள். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் இந்த ஒலிவாங்கியை நான் பிடித்திருப்பது ஒரே ஒரு விடயத்துக்காக. அவருடைய மகள் டயனா, அவர் தன் கையால் உருவாக்கிய எங்கள் பெண்கள் அணியில், வருகிற ஜூலை மாதச் சுற்றுப்போட்டியில் விளையாட வேண்டும். அவள் விளையாடக்கூடாது என்று நாங்கள் முடிவெடுத்து வைத்திருக்கிறோம். அந்தத் தகப்பனைப் புகழ்ந்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இறங்கிப் போக என்னால் முடியாது.

எனக்குப் பின்னால் தொங்கும் பனரைப் பாருங்கள். "ஜப்பான் தேசிய அணியின் நட்சத்திர வீரர்" என்று பெரிதாக அடித்திருக்கிறோம். அது பொய். நோபு இப்போது இங்கே இருந்திருந்தால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அதைத் தானே கழற்றியிருப்பார். இருபத்து நான்காவது வயதில் ஒரேயொரு தரம் தேசிய அணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நட்புறவு ஆட்டம். தொண்ணூறு நிமிடமும் மாற்று வீரர்களின் வாங்கில் இருந்தார். களத்தில் இறக்கவில்லை. அந்தச் சட்டை அவருடைய வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒருநாள் எனக்கு எடுத்துக் காட்டினார். "அண்ணை, இதில வேர்வை இல்லை. அதால நான் இதைப் போடுறேல்லை" என்றார். அப்படிப்பட்ட மனிதர் செத்த பிறகு நாங்கள் அவருக்கு நட்சத்திரப் பட்டம் கட்டுகிறோம். கேட்காத பட்டத்தைக் கட்டத் தெரிந்த எங்களுக்கு, கேட்ட ஒரு துண்டுத் தாளைக் கொடுக்கத் தெரியவில்லை. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொய்ப் பெருமை எதற்கு? உண்மைப் பெருமையே அவருக்குத் தாராளமாக இருக்கிறது. ஹொக்கைடோ தீவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். தகப்பன் மசாவோ மீன் ரின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. வருடத்தில் ஐந்து மாதம் பள்ளிக்கூட மைதானம் பனிக்குள் கிடக்கும். பிள்ளைகளே சவளால் பனியை அள்ளிக் கொட்டி, ஒரு கோல் கம்பத்தின் முன்னால் மட்டும் இடம் எடுத்து விளையாடுவார்கள். அதனால்தான் கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் இரண்டு அடி இடத்தில் திரும்ப அவருக்குத் தெரியும். பதினெட்டு வயதில் தெற்கே ஓர் இரண்டாம் பிரிவுக் கழகத்துக்குப் போனார். ஆறு பருவம், நாற்பத்து நான்கு கோல். பிறகு முதலாம் பிரிவில் ஒன்றரை வருடம். ஒன்பது தரம்தான் தொடக்கத்திலிருந்து இறக்கினார்கள். மூன்று கோல் அடித்தார். பிறகு பெல்ஜியத்தில் இரண்டாம் பிரிவு. பிறகு இங்கே, தென் இலண்டனில், நூற்றைம்பது பேர் பார்க்க வரும் ஒரு சின்னக் கழகம். இடது முழங்காலில் மூன்றாவது சத்திரசிகிச்சையோடு முப்பத்து மூன்று வயதில் ஓய்வு. இணையத்தில் தேடினால் இதெல்லாம் நான்கு வரிக்குள் முடிந்துவிடும்.

அந்த நான்கு வரியில் இல்லாததைச் சொல்கிறேன். இரண்டாம் பிரிவில் அவரோடு முன்களத்தில் நின்றவன் ஒரே பருவத்தில் இருபத்திரண்டு கோல் அடித்துப் பெரிய இடத்துக்குப் போனான். நோபு எதிரணியின் காவல்காரர் இருவரை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓடுவார். மற்றவனுக்கு இடம் திறக்கும். அவன் அடிப்பான். "அந்த இருபத்திரண்டில பதினைஞ்சு என்ர ஓட்டம்" என்று பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், என் வானுக்குள் இருந்தபோது சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பழக்கியதும் அதுதான். பயிற்சி நாளில் ஒரு கொப்பி வைத்திருப்பார். அதில் யார் எத்தனை கோல் என்று இருக்காது. பந்து கிடைக்காது என்று தெரிந்தும் யார் எத்தனை தரம் ஓடினார்கள் என்று கோடு போட்டிருக்கும். ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். என்ர மகன் மூன்று கோல் அடித்தவன், ஏன் அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று. நோபு அமைதியாகச் சொன்னார். "கோல் அடிச்ச பிள்ளைக்குக் கைதட்ட நீங்கள் இருக்கிறியள். சும்மா ஓடின பிள்ளைக்கு நான் இருக்கிறன்." அந்தத் தகப்பனும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் தம்பி. இன்றைக்குக் குனிய வேண்டிய தலைகள் வேறு நிறைய இருக்கின்றன. என்னுடையதும் அதில் ஒன்று.

அவர் எப்படி எங்களிடம் வந்தார்? ஓய்வுக்குப் பிறகு சாப்பாடு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தார். அந்த வரிசையில் நின்ற பத்துப் பேரில் ஏழு பேர் எங்கள் ஆட்கள். தமிழை அங்கேதான் பிடித்தார். முதலில் பழகிய வசனம், "பிரேக் எப்ப?" இரண்டாவது, "கால் நோகுது." முழங்காலுக்குக் கிளினிக் போன இடத்தில், அங்கே உடற்பயிற்சிப் பிரிவில் வேலை செய்த மன்னார்ப் பிள்ளை பெனிற்றாவைக் கண்டார். கண்டதும் தமிழில் கதைத்தாராம். பெனிற்றா தங்கச்சி பயந்தே போய்விட்டாராம். இதே பங்குக் கோயிலில்தான் அவர்களுடைய கலியாணம் நடந்தது.

சட்டனில் எங்கள் பயிற்சி மைதானத்துக்கு அவரை முதல் முதல் கூட்டிவந்த நாள் எனக்கு வடிவாக நினைவிருக்கிறது. ஓர் ஆள், பெயர் சொல்லமாட்டேன், எல்லோருக்கும் கேட்க, "இந்தச் சைனாக்காரன் எங்களுக்கு என்ன பழக்கப் போறான்?" என்றார். நோபு திரும்பி, "நான் ஜப்பான். ஆனா கோபம் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு என்ன செய்தார்கள்? பன்னிரண்டு வருடம் முதுகுக்குப் பின்னால் சைனீஸ் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். பெல்ஜியத்தில் பார்வையாளர்கள் அப்படிக் கத்தியபோது தனக்கு நோகவில்லை, அவர்களை மறுபடி காணப்போவதில்லை என்று ஒருமுறை அவர் சொன்னார். எங்களை அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டார். அவருக்குக் கோபம் இல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு இருக்கிறது.

இனி, இந்தக் கழகம் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு கதையைச் சொல்கிறேன். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் இந்த மனிதரை அனுப்பி வைக்க முடியாது.

இலண்டனில் எங்கள் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் சுற்றுப்போட்டி உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஓர் அணி. அப்போதைய விதிப்படி அந்த ஊரில் பிறந்தவரோ, பிறந்தவரின் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் விளையாடலாம். பத்து வருடத்துக்கு முன் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தோம். வாழ்க்கையில் முதல் தரம். அரையிறுதியில் எங்கள் முன்களப் பெடியனுக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது. இறுதியாட்டத்துக்கு அரை மணித்தியாலம். நோபு கோட்டுக்கு வெளியே, முழங்காலில் கட்டோடு நிற்கிறார். அப்போது தலைவராக இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அவரிடம் போய், "நோபு, இறங்குறியா?" என்று கேட்டார்.

"நான் ரீமில இல்லையே" என்றார் அவர்.

"இப்ப இருக்கிறாய். போய்ச் சட்டையை மாத்து. கிருஷ்ணா, பேரை எழுது."

எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன். பெயர்: நோபுராஜா. தகப்பன் பெயர்: ஸ்ரீஸ்கந்தராஜா. ஊர்: கருவேலந்துறை மேற்கு. தமிழில் எழுதிய தாள். அதில் என்ன இருக்கிறது என்று நோபுவுக்கு வாசிக்கத் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை. சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். நாங்களும் அன்றைக்குச் சிரித்துச் சிரித்துத்தான் எழுதினோம்.

அந்த முழங்காலோடு எழுபது நிமிடம் ஓடினார். இரண்டு கோல். முதலாவது, கோல் காப்பாளருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இடது காலால் தட்டியது. இரண்டாவது தலையால். கருவேலந்துறைப் பெரியவர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள். "எங்கட பெடியன், எங்கட பெடியன்" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் அவரை எங்கட பெடியன் என்று சொன்னது அந்த எழுபது நிமிடம் மட்டும்தான்.

எதிரணி முறைப்பாடு செய்தது. செய்யாதா? கண் இருக்கிற எவனும் செய்வான். அமைப்பாளர்கள் மேசைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி தமிழில் கேட்டான், "உங்கட அப்பாட பேர் என்ன?" நாங்கள் பின்னால் நின்று சைகை காட்டுகிறோம். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். நோபு எங்களைப் பார்த்தார். பிறகு அந்தத் தம்பியிடம், "இசெசாக்கி மசாவோ. மீன் ஃபக்டரியில வேலை. போன வருசம் செத்திட்டார்" என்று சொன்னார். கிண்ணம் மற்ற அணிக்குப் போனது.

திரும்பி வரும்போது வானுக்குள் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் என்ன நடந்தது? தமிழில் ஐந்து வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, எழுந்து நின்று, அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். "என்னால கப் போயிட்டுது. மன்னிக்கவேணும்" என்று இடுப்பு வரை குனிந்தார். பொய் எங்களுடையது. எழுதிய கை என்னுடையது. எழுதச் சொன்னவர் இந்த மேடையில் இருக்கிறார். ஆனால் குனிந்தவர் அவர். நாங்கள் என்ன செய்தோம்? பெருந்தன்மையாகக் கைதட்டி அவரை மன்னித்தோம்! எங்களில் ஒருவராவது எழும்பி, பிழை உன்னுடையது அல்ல என்று சொல்லவில்லை. பத்து வருடமாக அந்தக் கைதட்டல் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்குப் பிறகு அவர் ஓடவில்லை. முழங்கால் முடிந்தது. மூன்றாவது மாடி வீட்டுக்குப் படியில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகத்தான் ஏறி இறங்குவார். அவருடைய கடைசி ஆட்டம் ஓய்வு பெற்ற வருடத்தில் என்று இணையத்தில் இருக்கிறது. அது பிழை. அவருடைய கடைசி ஆட்டம் எங்களுக்காக ஆடியது. கடைசி இரண்டு கோலும் கருவேலந்துறைக்கு அடித்தது. அதுவும் பொய்ப் பெயரில்.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று சும்மாவா சொன்னார்கள்? அவருக்கு அங்கத்துவப் படிவம் ஒன்று வேண்டும் என்று பெனிற்றா தங்கச்சி கேட்டார். நான் முன்பு சொன்ன துண்டுத் தாள் அதுதான். அப்போது எங்களுக்குக் கழகத்தின் சட்டக்கோவையான யாப்பு ஞாபகம் வந்தது. பிரிவு நான்கு. கருவேலந்துறையில் பிறந்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் மட்டுமே அங்கத்தவர். தாளுக்குப் பதிலாக "கௌரவ பயிற்றுநர்" என்று ஒரு பட்டமும் ஒரு பொன்னாடையும் கொடுத்தோம். பிறகு ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இன்னொரு பொன்னாடை. கோல் வேண்டிய நேரம் அவருக்கு ஓர் ஊர், ஒரு தெரு, ஒரு தகப்பன் எல்லாம் இரண்டு நிமிடத்தில் கொடுக்க எங்களால் முடிந்தது. அங்கத்துவம் என்றதும் யாப்பு வந்து குறுக்கே நின்றது.

அவர் மனம் விட்டுவிட்டாரா? ஆறு வருடத்துக்கு முன், பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி வேண்டும் என்று வந்து நின்றார். பெட்டைகளுக்கு என்ன பந்து என்று கேட்ட வாய்களும் இங்கே இருக்கின்றன. வீடு வீடாகப் போய்த் தாய்மாருடன் கதைத்தார். அவருடைய தமிழைக் கேட்க ஆசைப்பட்டே பாதித் தாய்மார் ஓம் சொன்னார்கள். பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கினார். இன்று இருபத்தாறு பேர். அந்த முதல் பன்னிரண்டில் ஒருத்தி, அப்போது எட்டு வயதான டயனா. இப்போது பதினான்கு வயது. தகப்பனைப் போலவே பெட்டிக்குள் திரும்புவாள். ஆறு வருடமாக எல்லாப் பயிற்சிக்கும் வருகிறாள். போட்டி நாளில் மட்டும் தண்ணீர்ப் போத்தல்களோடு கோட்டுக்கு வெளியே நிற்கிறாள். தகப்பன் ஜப்பான், தாய் மன்னார். பிரிவு நான்கில் அவளுக்கு இடமில்லை.

போன கோடையில் அணித் தலைவி லோஜினி என்னிடம் வந்தாள். "மாமா, டயனாதான் எங்கட பெஸ்ட் ஸ்ரைக்கர். அவ ஏன் விளையாடக்கூடாது? தட்ஸ் நொட் ஃபெயர், மாமா." நான் யாப்பை விளங்கப்படுத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் என்ன கதைக்கிறேன் என்று எனக்கே விளங்காமல் போனது.

வேறு கழகத்தில் விளையாடட்டுமே என்றும் கேட்டார்கள். விளையாடலாம். இரண்டு ஆங்கிலக் கழகங்கள் அவளைக் கேட்டுவிட்டன. தகப்பன் சேர்த்த பிள்ளைகளோடு, தகப்பன் பழக்கிய ஓட்டத்தை ஓட வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அந்த ஆசையில் என்ன பிழை?

வைத்தியசாலையில் நோபுவைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிவிட்டார். தனக்காக அவர் எதுவும் கேட்கவில்லை. "கிருஷ்ணா அண்ணை, ஜூலையில டயனா விளையாட ஏலுமா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் விடவில்லை. "ஓம் எண்டா ஓம் தானே, அண்ணை?"

"ஓம் எண்டா ஓம்."

கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கழகத்தை நன்றாகத் தெரிந்த மனிதர். அதனால்தான் இரண்டு தரம் கேட்டார்.

நான் நிர்வாக சபைக்குக் கொண்டுபோனேன். ஒன்பது பேர். ஏழு கை எதிராக, இரண்டு கை ஆதரவாக. அந்த இரண்டில் ஒன்று என்னுடையது என்று சொல்லி நான் தப்பிக்கொள்ளலாம். ஆனால் மறுப்புக் கடிதத்தில் செயலாளர் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். ஒழுங்கான செயலாளர் அல்லவா நான்! அந்தக் கடிதம் தபாலில் சுற்றி, அவரை அடக்கம் செய்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வாரம், அதே கடிதத்தலைப்பில், "எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்" என்று கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரமும் அடித்தோம்.

பெனிற்றா தங்கச்சி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, இது நீங்கள் வைச்ச கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "சரி அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

நான் இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்தேன். அகதியாக விண்ணப்பித்தவன் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம். பக்கத்து மாவட்டத்தில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி, பதினெட்டுக் கிலோமீற்றர் தூரம். போனேன். ரயிலடியில் பொலிஸ் பிடித்தது. எங்கள் அணி பத்துப் பேரோடு விளையாடித் தோற்றது. ஒருவன் எங்கே பிறந்தான் என்று பார்த்து அவன் எங்கே ஓடலாம் என்று எழுதிய அந்த அதிகாரியை நான் இருபத்தைந்து வருடமாகத் திட்டிக்கொண்டு திரிகிறேன். கையெழுத்து வைத்த அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பெனிற்றா போனை வைத்த பிறகுதான் வந்தது. நானே அந்த அதிகாரியாகிவிட்டேன்.

உங்களில் எத்தனை பேர் குரொய்டனில், குளிரில், கைக்குழந்தையோடு விசாவுக்கு வரிசையில் நின்றீர்கள்? நீ இங்கே பிறக்கவில்லை, உனக்கு இடமில்லை என்று வந்த கடிதங்களை இன்னும் பைலில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அந்தக் கடிதங்களுக்கு எதிராக இந்த நாட்டின் நீதிமன்றப் படிகளில் ஏறியவர்கள், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதே கடிதத்தைத் தமிழில் எழுதி அனுப்பலாமா?

இவர்களுக்கு விட்டால் எல்லோரும் வருவார்கள், ஊர் அழிந்து போகும் என்று நிர்வாக சபையில் ஒருவர் சொன்னார். யார் ஐயா வருகிறார்கள்? சனிக்கிழமை மழைக்குள் கோல் கம்பம் நட வாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கூப்பிட்டபோது எத்தனை கருவேலந்துறையார் வந்தீர்கள்? பன்னிரண்டு வருடத்தில் ஒரு கிழமை தவறாமல் வந்தது ஓர் ஆள். வந்தவருக்குத்தான் நாங்கள் கதவைப் பூட்டினோம்.

இப்போது தலைவர் என் மேல் கோபப்படப் போகிறார். படட்டும். உங்கள் வீடுகளுக்கு வந்த இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழ் கையில் இருக்கிறதா? பின்பக்கத்தைத் திருப்புங்கள். சின்ன எழுத்தில் ஒரு பந்தி இருக்கிறது. இரங்கல் கூட்டத்தின் நிறைவில் விசேட பொதுக்கூட்டம் நடைபெறும், யாப்பின் பிரிவு நான்கில் ஒரு வரி சேர்க்கும் பிரேரணை வாக்கெடுப்புக்கு விடப்படும் என்று எழுதியிருக்கிறது. யாப்புப்படி இருபத்தொரு நாள் அறிவித்தல் தர வேண்டும். இருபத்து நான்கு நாள் தந்திருக்கிறேன். அழைப்பிதழின் பின்பக்கத்தை எங்கள் ஆட்கள் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பித்தான் அடித்தேன். நான் நம்பியபடியே ஒருவரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

சேர்க்க வேண்டிய வரி இதுதான்: "கழகத்துக்காக மூன்று வருடம் உழைத்த எவரும், அவருடைய பிள்ளைகளும், கருவேலந்துறையில் பிறந்தவர்களைப் போலவே அங்கத்தவர் ஆவர்." வந்திருக்கும் அங்கத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் போதும். சுற்றுப்போட்டிக்காரர் இப்போது பிறந்த ஊரைக் கேட்பதில்லை, கழகத்தின் அங்கத்துவ இலக்கத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். ஜூலைப் போட்டிக்கான பதிவு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. டயனாவின் படிவம் என் சட்டைப் பைக்குள் இருக்கிறது. அதில் எல்லாம் உண்மை. தகப்பன் பெயர் நொபுஹிரோ இசெசாக்கி. அங்கத்துவ இலக்கம் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று இப்படிப்பட்ட கூட்டங்களில் எல்லோரும் சொல்லிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போவது வழக்கம். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த வரி சேர்ந்தால், இன்றே அந்த இலக்கத்தை எழுதுவேன், வருகிற சனிக்கிழமை முதல் அவருடைய கொப்பியில் கோடு போடும் வேலையை நான் எடுப்பேன். சேராவிட்டால், செயலாளர் பதவியை இந்த மேசையில் வைத்துவிட்டு, பெண்கள் அணியோடு நானும் வெளியே போவேன். லோஜினியும் மற்றப் பிள்ளைகளும், டயனா இல்லாமல் வெள்ளித்தாரகைச் சட்டையைப் போடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார்கள். இருபத்தைந்து கையெழுத்து. உங்கள் சொந்தப் பிள்ளைகளின் கையெழுத்து.

தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. ஆரம்பியுங்கள். ஒரு நிமிடம் எல்லோரும் நிற்போம். அந்த நிமிடம் நோபுவுக்கு. மணி அடித்ததும் இந்த வரிக்குச் சம்மதமில்லாதவர்கள் கதிரையில் அமரலாம். சம்மதமான அங்கத்தவர்கள் நின்றபடி நில்லுங்கள், நான் எண்ணுவேன். கையைத் தூக்கிவிட்டுப் பிறகு இறக்குகிற வேலை இன்றைக்கு வேண்டாம்.

பெனிற்றா தங்கச்சி, டயனா, மணி அடித்த பிறகு நீங்கள் இருவரும் திரும்பிப் பாருங்கள். யார் அமர்ந்தார்கள் என்று நேருக்கு நேர் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பார்க்கப்பட வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

இந்த மேடையில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். நான் அதில் அமரப் போவதில்லை.

எழும்புங்கள்.